சிலந்தி உயர்திணையா, அஃறிணையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுதியிருந்த கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிள்ளைகளின் பையில் ஜப்பான் படக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றன, எல்லாம் மறுபிறவியும் மாயமந்திரமும்தான், செத்தால் வேறு உலகத்தில் நன்றாகப் பிறக்கலாம் என்று அவை சொல்லிக் கொடுக்கின்றன, பள்ளிகளில் இவற்றைத் தடை செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. எனக்கும் அது இருந்தது, ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்து முடிக்கும் வரைக்கும்.

நான் வடசென்னையில் ஒரு பள்ளியில் 19 வருஷமாகத் தமிழ் எடுக்கிறேன். இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு. ஜூலையில் ஒரு நாள் கடைசி பீரியடில் இரண்டாவது பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் மேசைக்கு அடியில் புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள், வாங்கிப் பார்த்தால் மாங்கா, அதாவது ஜப்பான் படக்கதைப் புத்தகம். பள்ளி வழக்கப்படி அது தலைமையாசிரியை அறையில் இருக்கும் பீரோவுக்குப் போக வேண்டும், போயிற்று. ஆனால் அதைக் கொடுக்கும்போது அந்தப் பெண் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. “மிஸ், நீங்க ஒரு தடவை படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க” என்றாள். 19 வருஷத்தில் ஒரு பிள்ளையும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. மறுநாள் மேடத்திடம் கேட்டு ஒரு வாரத்துக்கு அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். 29சி பஸ்ஸில் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில்தான் படிக்க ஆரம்பித்தேன். வலமிருந்து இடமாகப் பக்கம் திருப்ப வேண்டும், பக்கத்துக்குள்ளேயும் கட்டங்களை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். அது கைக்குப் பிடிபடவே பத்து பக்கம் ஆயிற்று. ஜெமினி மேம்பாலம் வந்தபோது நிமிர்ந்து பார்க்க மனசு வரவில்லை.

கதையைச் சொல்கிறேன், முடிச்சை அவிழ்க்காமல். ஜப்பானிய மொழியில் ‘குமோ தேசு கா, நானி கா?’ என்று பெயர். ‘சிலந்திதான், அதுக்கென்ன?’ என்று நம் வழியில் சொல்லலாம். ஒகினா பாபா என்பவர் எழுதிய நாவல், 2015-ல் இணையத்தில் தொடராக வந்து, அந்த வருஷக் கடைசியில் புத்தகமாகி, 2022-ல் 16-வது தொகுதியோடு முடிந்தது. அதன் மாங்கா வடிவத்தை வரைந்தவர் அசாஹிரோ ககாஷி. ஒரு மேல்நிலைப் பள்ளி, பாடம் நடந்துகொண்டிருக்கிறது, வேறோர் உலகத்துச் சண்டையில் ஏவிய மந்திரம் இங்கே வந்து அந்த வகுப்பறையில் வெடித்துவிடுகிறது. டீச்சரும் பிள்ளைகளும் ஒரே நொடியில் இறந்துபோகிறார்கள். இறந்தவர்கள் எல்லோரும் அந்த வேறு உலகத்தில் பழைய நினைவோடு பிறக்கிறார்கள். ஒருவன் இளவரசன். இன்னொரு பையன் பிரபு வீட்டுப் பெண் குழந்தை. ஒரு மாணவி டிராகன் முட்டைக்குள் இருக்கிறாள். கதை சொல்கிற பெண்ணோ இருட்டுக் குகையில் ஒரு சின்னஞ்சிறு சிலந்தி. கண் திறந்ததும் அவள் பார்ப்பது கூடப்பிறந்த சிலந்திகள் ஒன்றையொன்று தின்பதைத்தான்.

மாங்கா பெரும்பாலும் இந்தச் சிலந்தியின் பின்னாலேயேதான் ஓடுகிறது. மற்ற பிள்ளைகளின் கதை வேண்டுமென்றால் நாவலுக்கோ, 2021-ல் 24 பகுதிகளாக வந்த அனிமேக்கோ (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) போக வேண்டும். நான் அக்கா பையனின் உதவியோடு நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தேடிப் படித்தேன். யார் எங்கே என்னவாகப் பிறந்திருக்கிறார்கள், யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், நாம் இப்போது பார்க்கிற காட்சி எப்போது நடப்பது என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. கொலைக்கதை படிக்கும் அதே படபடப்பு.

சாவைப் பரிசாகக் காட்டுகிறது என்கிறாரே அந்தப் பெரியவர், இந்தச் சிலந்தியைப் பாருங்கள். பசி. எப்போதும் பசி. நஞ்சுத் தவளையைப் பிடித்து, கசக்கிறது கசக்கிறது என்று புலம்பிக்கொண்டே தின்கிறாள். நூல் நூற்று ஒரு கூடு கட்டிக்கொள்கிறாள், இது என் வீடு என்று அதற்குள் நிம்மதியாகத் தூங்குகிறாள், மனிதர்கள் வந்து அதைத் தீ வைத்துக் கொளுத்திவிடுகிறார்கள். எரிகிற வலைக்குள்ளிருந்து அவள் தப்பி ஓடும் பக்கத்தில் நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பிள்ளைகளில் சிலர் குடியிருந்த வீட்டை இடித்தபோது சாமான்களோடு தெருவில் நின்றவர்கள். அவர்களுக்கு அந்தப் பக்கத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்த டீச்சர். அவரை என்னால் மறக்கவே முடியவில்லை. அவரும் இறந்து, அந்த உலகத்தில் எல்ஃப் என்ற மாய இனத்தில் ஒரு குழந்தையாகப் பிறக்கிறார். அவருக்கு மட்டும் ஒரு தனித் திறன் கிடைக்கிறது, அதன் பெயர் ‘மாணவர் பதிவேடு’. அதைத் திறந்தால் வகுப்பில் இருந்த ஒவ்வொரு பிள்ளையும் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, எப்போது எப்படிச் சாகும் என்று சுருக்கமாக எழுதியிருக்கும். ஆனால் அதை அவர் யாரிடமும் சொல்லக் கூடாது. அந்தச் சின்ன உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஊர் ஊராக அலைந்து தன் பிள்ளைகளைத் தேடிச் சேர்க்கிறார். நான் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறேன். 2020-ல் கொரோனாவுக்குப் பள்ளியை மூடி மறுபடி திறந்தபோது பதிவேட்டில் இருந்த சில பெயர்களுக்கு ‘உள்ளேன் ஐயா’ வரவில்லை. வேலைக்குப் போய்விட்டார்கள், ஊருக்குப் போய்விட்டார்கள், ஒருத்திக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. நானும் இன்னொரு டீச்சரும் ஓட்டேரி, புளியந்தோப்பு என்று வீடு வீடாகப் போனோம். அதனால் அந்தக் கதையில் வரும் டீச்சர் செய்வது சரியா தப்பா என்று பிள்ளைகள் சண்டை போட்டபோது நான் ஒரு பக்கமும் பேசவில்லை.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்புத் தமிழில் மணிமேகலையின் விழாவறை காதை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்திர விழாவுக்கு முரசறையும் பகுதி. அதை நடத்தும்போது எப்போதும் காப்பியத்தின் மிச்சக் கதையையும் இரண்டு பீரியட் சொல்வேன். இந்த வருஷம் நான் மணிபல்லவத் தீவுக்கு வந்து, அங்கே புத்த பீடிகையைக் கண்டதும் மணிமேகலைக்கு முற்பிறவி நினைவுக்கு வந்தது என்று சொல்லி முடிக்கும் முன்னே அந்த இரண்டாவது பெஞ்சுப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். “மிஸ், அப்படின்னா உதயகுமரன் யாரு? அவனும் கூடப் பிறந்திருக்கானா?”

பிறந்திருக்கிறான். போன பிறவியில் மணிமேகலை இலக்குமி என்ற பெண், அவள் கணவன் இராகுலன். அவன்தான் இந்தப் பிறவியில் அவளையே சுற்றிச் சுற்றி வரும் உதயகுமரன். இலக்குமியின் அக்காக்கள் தாரையும் வீரையும்தான் இன்றைய மாதவியும் சுதமதியும். கூட்டமாக மறுபடி பிறந்து, ஒருவர் மட்டும் நினைவோடும் மற்றவர்கள் நினைவில்லாமலும் ஒரே ஊரில் நடமாடுகிறார்கள். அப்புறம் அந்தக் கொலை. மணிமேகலை காயசண்டிகை என்ற இன்னொரு பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொண்டு பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே நினைக்கிறான். உதயகுமரன் அவளைத் தேடி இரவில் வருகிறான். காஞ்சனன் வாளை வீசிவிடுகிறான். ஆள் மாறாட்டம், தப்பான சந்தேகம், இருட்டில் ஒரு கொலை! அது ஏன் அவனுக்கு நடந்தது என்பதைத் தூணில் இருக்கும் கந்திற்பாவை என்ற தெய்வப் பாவை சொல்கிறது, முற்பிறவியில் இராகுலன் தடுக்கி விழுந்த ஒரு மடைத்தொழிலாளியை, அதாவது சமையல்காரனை, கோபத்தில் வாளால் வெட்டியவன் என்று. போன பிறவிக் கணவன் வெட்டுண்டு கிடப்பதைப் பார்த்து அவனருகே ஓடப் போகிற மணிமேகலையை “செல்லல் செல்லல்” என்று அந்தப் பாவை தடுக்கிற இடத்தை நான் சொன்னபோது ஃபேன் சத்தத்தைத் தவிர வகுப்பில் வேறு சத்தம் இல்லை.

சிலப்பதிகாரத்திலும் இருக்கிறது. வரந்தரு காதையில் அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்கள், சேடக்குடும்பியின் மகள் என்று மூன்று சிறுமிகள் தலையில் நீரைத் தெளித்ததும் அவர்கள் கண்ணகியின் தாயாகவும் கோவலனின் தாயாகவும், மதுரையில் அவர்களுக்கு அடைக்கலம் தந்த மாதரியாகவும் மாறி அழுகிறார்கள். குழந்தை வாயிலிருந்து கிழவியின் அழுகை. இதை எழுதிய மொழியில் பிறந்துவிட்டு, மறுபிறவிக் கதை வெளிநாட்டுக் குப்பை என்று எப்படிச் சொல்ல முடியும்? உ.வே.சாமிநாதையர் 1898-ல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது பௌத்த விஷயங்கள் நம் ஆட்களுக்கே பழக்கம் விட்டுப்போயிருந்தன, அதற்காகவே அவர் புத்தரைப் பற்றியும் பௌத்த தருமத்தைப் பற்றியும் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. யாராவது எடுத்துச் சொன்னால்தான் பழசும் நமக்குப் புரிகிறது.

அந்த வாரம் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். திணை, பால் வழு, அதாவது திணையும் பாலும் தப்பாக வருவதைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும் பாடம் அது. கரும்பலகையில் ‘சிலந்தி வந்தது’ என்று எழுதினேன். பின்னாலிருந்து ஒருத்தி, “எந்தச் சிலந்தி மிஸ்? அந்தக் கதைச் சிலந்தின்னா வந்தாள்” என்றாள். அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. நன்னூல் கட்சி ஒன்று. மக்கள், தேவர், நரகர் உயர்திணை, மற்ற உயிர் உள்ளதும் இல்லாததும் அஃறிணை, எட்டுக் கால் இருந்தால் அது அதுதான். எதிர்க்கட்சிக்கு நான் தொல்காப்பியத்தை எடுத்துக் கொடுத்தேன், சொல்லதிகாரத்தின் முதல் சூத்திரம், “உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே”. மக்கள் என்று சுட்டப்படுவது உயர்திணை. அப்படியென்றால் சுட்டுவது யார், எதை வைத்துச் சுட்டுவது? உடம்பை வைத்தா, நினைவை வைத்தா? பள்ளிக்கூடம் போன நினைவும் வீட்டு நினைவும் இருக்கிற ஒன்றை அது என்று சொன்னால் அவளுக்கு வலிக்காதா என்று ஒரு பிள்ளை கேட்டது. மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அந்த இரண்டாவது பெஞ்சுப் பெண் அவள் அக்காவின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் வழுவமைதி இருக்கிறது, பிழையானாலும் காரணம் பார்த்து ஏற்றுக்கொள்வது. மாட்டைப் பார்த்து அன்பினால் “என் அம்மை வந்தாள்” என்று சொல்வது திணை வழுவமைதி, இலக்கணமே அதை ஏற்றுக்கொள்கிறது. “அப்ப நாம அவளை ‘அவள்’னே சொல்லலாம் மிஸ்” என்றாள். பாடத்திட்டத்துக்கு ஒரு வருஷம் முன்னால் போய், தானாகத் தேடி, ஒரு சிலந்திக்காக.

அதன் பிறகு ஒரு பீரியட் முழுக்க அந்த இளவரசன் கதையில் ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தோம். ஆங்கிலத்தில் ‘came’ என்ற வினைக்கு ஆணும் பெண்ணும் ஒன்றுதான், தமிழில் வாயைத் திறந்தாலே வந்தானா வந்தாளா வந்ததா என்று சொல்லியாக வேண்டும். யார் யாராகப் பிறந்திருக்கிறார்கள் என்று மறைத்து வைக்க வேண்டிய கதைக்கு இது எவ்வளவு பெரிய சிக்கல்! பிள்ளைகளே வழி கண்டுபிடித்தார்கள். மறைக்க வேண்டிய இடத்தில் ‘வந்தார்’ போடலாம், இல்லாவிட்டால் அவரையே ‘நான்’ என்று பேச விடலாம். பையனாக இருந்து பெண்ணாகப் பிறந்த கத்தியாவை, பழைய நண்பன் தனியாக இருக்கும்போது “என்னடா” என்றும், அரண்மனைப் பெரியவர்கள் முன்னால் “நீங்க” என்றும் கூப்பிட வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னது. அந்த ஒரு ‘டா’வில் இரண்டு பிறவியும் வந்துவிட்டது. சிலந்தி மட்டும் மெட்ராஸ் பாஷையில்தான் பேசும் என்று எல்லோரும் ஒரே குரலில் முடிவு செய்துவிட்டார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

பெரியவரின் பயத்தில் நியாயமான ஒரு பகுதி உண்டு, அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஜப்பானிலேயே இது நடந்திருக்கிறது. சாகி ஹிவதாரி என்பவர் 1986 முதல் 1994 வரை ஒரு மாங்கா வரைந்தார், மொத்தம் 21 தொகுதி. நிலாவில் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஏழு விஞ்ஞானிகள் டோக்கியோவில் மறுபடி பிறந்து, ஒரே மாதிரி கனவு கண்டு ஒருவரையொருவர் தேடுகிற கதை. அதைப் படித்த சில பிள்ளைகள் அதை உண்மை என்றே நம்பி, தங்கள் முற்பிறவித் தோழர்களைத் தேடவும் அவருக்கு அப்படிக் கடிதம் எழுதவும் ஆரம்பித்தார்கள். இது முழுக்கக் கற்பனை என்று ஆசிரியரே புத்தகத்தில் அச்சிட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆக, படிக்கிற பிள்ளை தனியாக இருந்தால் கதை அவளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடலாம். அதற்காகத்தான் சொல்கிறேன், பீரோவில் பூட்டினால் அவள் செல்போனில் திருட்டுப் பதிப்பைத் தனியாகப் படிப்பாள். பூட்டாமல் மேசை மேல் வைத்தால் என்னோடு சேர்ந்து படிப்பாள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் சிறுவர் இணைப்பில் வாரம் ஒரு கால் பக்கம் மாங்காவுக்குக் கொடுங்கள். எது எந்த வயதுக்கு, எதில் ரத்தம் அதிகம், எதைப் பெற்றோரும் சேர்ந்து படிக்கலாம் என்று படித்தவர்கள் எழுதட்டும். எல்லாவற்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், என் வகுப்புக்கு ஆகாதவையும் நிறைய இருக்கின்றன, அதைச் சொல்லவும் ஆள் வேண்டும். ஆங்கிலப் பதிப்பு ஒரு தொகுதி ஐந்நூறு ரூபாயைத் தாண்டுகிறது, அந்தப் பெண் பிறந்தநாளுக்கு அவள் மாமா கொடுத்த பணத்தில் வாங்கியது அது. இங்கிலாந்துப் படக்கதையான இரும்புக்கை மாயாவியை 1972-ல் முத்து காமிக்ஸ் மூலம் சிவகாசியிலிருந்து தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நம்மவர்கள், என் அப்பா அதை வாடகைக்கு எடுத்துப் படித்ததை இன்றைக்கும் சொல்வார். முறையாக உரிமை வாங்கி, நல்ல தமிழில், பிள்ளைகள் வாங்கும் விலையில் மாங்கா வர வேண்டும் என்று பதிப்பாளர்களிடம் நீங்கள் எழுதிக் கேட்டால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு என் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக் குழந்தைகள் பிரிவுக்கும் ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கடிதம் எழுதிய பெரியவர் எங்கள் பள்ளிக்கு ஒரு நாள் வர முடியுமானால் வரட்டும், உங்கள் மூலமாகவே அழைக்கிறேன். புதன்கிழமை கடைசி பீரியட் தமிழ். அந்தப் புத்தகம் ஒரு வாரம் முடிந்து மறுபடி பீரோவுக்குப் போய்விட்டது. வருகிற திங்கட்கிழமை மேடத்திடம் போய் அதை அந்தப் பெண்ணுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அவளுக்கு இரண்டாவது தொகுதி வேண்டுமாம், எனக்கும்தான்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
பெரம்பூர், சென்னை.